மாமரத்துத் துளையில் இருப்பது நீள்கொம்பு வண்டா, பட்டை தின்னும் அந்துப்பூச்சியா? எப்படிக் கண்டுபிடிப்பது?

இரண்டையும் ஒன்றென்று நினைத்து ஒரு மரத்தைப் பறிகொடுத்தவன் என்பதால் சொல்கிறேன்.

கிருஷ்ணகிரி பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் மாந்தோப்பு. ஒரு பெங்களூரா மரத்தில் ஒரு பக்கக் கிளைகள் மட்டும் வாடின. அடிமரத்தில் துளை, பிசின் வடிகிறது, கீழே நார்நாராக மரத்தூள். உரக்கடையில் "பட்டைப்புழுதான்" என்றார்கள். அப்பாவும் நானும் மண்ணெண்ணெய்ப் பஞ்சைத் துளையில் அடைத்து மண் பூசினோம். அடுத்த வருஷம் மரம் பட்டுப்போனது. பிளந்து பார்த்தால் உள்ளே விரல் தடிமனில் வெளிர்மஞ்சள் புழு. கால்களே இல்லை. புழு நாங்கள் அடைத்த இடத்துக்கு வெகு மேலே, மரத்துக்குள் இருந்தது.

அது பட்டோசெரா ரூஃபோமாக்குலேட்டா என்ற நீள்கொம்பு வண்டின் புழு. இது மரத்தையே தின்னும். மாதக்கணக்கில் உள்ளேயே குடைந்து போகும். நீர் ஏறும் பாதை அறுபட்டு மேலே காய்கிறது. தாய் வண்டு சுமார் 5 செ.மீ., சாம்பல் பழுப்பு, கழுத்துப் பட்டையில் இரண்டு ஆரஞ்சுப் புள்ளிகள், உடம்பைவிட நீளமான கொம்புகள். பிடித்தால் கீச்சென்று கத்தும், முதல் தடவை நான் கீழே போட்டுவிட்டேன்!

பட்டை தின்னும் அந்துப்பூச்சியின் பெயர் இண்டார்பெலா. அது மங்கலானது, கண்ணில் படுவதே அபூர்வம். அதன் புழுவுக்குக் கால்கள் உண்டு. துளை அதற்குக் குடியிருக்கத்தான், அதிக ஆழமும் போகாது. பகலில் உள்ளே கிடந்துவிட்டு இரவில் வெளியே வந்து பட்டையைத் தின்னும். எச்சத்தையும் பட்டைத்தூளையும் நூலால் பின்னி, போகிற வழியெல்லாம் கூரை போட்டுக்கொள்ளும். டீத்தூளைப் பசையில் குழைத்து ஒட்டிய நாடா மாதிரி இருக்கும், பெரும்பாலும் கிளைக் கவட்டில். குச்சியால் நீக்கினால் அடியில் பட்டை சுரண்டப்பட்டிருக்கும். கொய்யா, முருங்கையிலும் இதே கதைதான்.

இதற்கு நாடாவைச் சுரண்டிவிட்டுப் பஞ்சு வைத்தால் போதும். வண்டுப் புழுவுக்கு வளைந்த கம்பியை விட்டு இழுக்க வேண்டும், அதுவும் சீக்கிரமே. பக்கத்தில் இலவமரமோ அத்தியோ இருந்தால் அதையும் பாருங்கள், வண்டு அங்கேயும் முட்டை வைக்கும். நீலம் மா ரகம் இந்த வண்டின் தாக்குதலை ஓரளவு தாங்கும் என்பார்கள்.

உங்கள் மரத்தில் தூள் எங்கே இருக்கிறது? தரையில் கொட்டிக் கிடக்கிறதா, பட்டைமேல் ஒட்டியிருக்கிறதா? அதைப் பார்த்துச் சொல்லுங்கள்.