பால்மரத்திலிருந்தே தொடங்குங்கள்

வணக்கம் ஆசிரியரே. மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்டப் பள்ளியில் நான்காம் ஆண்டுப் பிள்ளைகள் அறிவியல் பாடத்தில் சோர்ந்துபோகிறார்கள், கருவிகளும் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். கருவிக்காகக் காத்திருக்காதீர்கள். ரப்பர் மரம் சீவும் பெற்றோர் ஒருவரிடம் அரைக் குவளை ரப்பர் பால் கேளுங்கள். அன்றே செய்துவிட வேண்டும். வைத்திருந்தால் தானாகவே உறைந்துவிடும். தண்ணீர் கலந்து இரண்டு கிண்ணங்களில் ஊற்றி, ஒன்றில் மட்டும் வினிகர் விடச் சொல்லுங்கள். பால் திரிந்து கட்டியாகும். பிழிந்து இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். பால் ஏன் கட்டியானது என்று பிள்ளைகளே முதலில் ஊகிக்கட்டும், அதுதான் பாடத்தின் உயிர். பாலில் மிதக்கும் ரப்பர் துகள்களை ஒன்றையொன்று விலக்கிவைத்திருந்த மின்னூட்டத்தை அமிலம் தணிப்பதால் அவை ஒட்டிக்கொள்கின்றன என்பதைப் பிறகு சொல்லலாம். ஆலையில் ஊற்றும் ஃபார்மிக் அமிலம் மட்டும் வேண்டவே வேண்டாம், தோலைப் பொசுக்கிவிடும். ரப்பர் ஒவ்வாமை உள்ள பிள்ளை இருந்தால் தள்ளி நின்று பார்க்கட்டும்.