இலைச்சாற்றில் தயாரித்த நானோ சில்வர் பயிருக்குப் பாதுகாப்பானதா?

"இலைச்சாற்றில் தயாரிப்பதால் நானோ சில்வர் இயற்கையானதுதானே, பயிருக்குத் தெளித்தால் என்ன ஆபத்து?" என்று கேட்டிருக்கிறீர்கள். ப்ராஜெக்டுக்குத் தலைப்பு தேடுகிறீர்கள் போலிருக்கிறது. நானும் முதுகலையில் இதே தலைப்பில்தான் மல்லுக்கட்டினேன், கொஞ்சம் எரிச்சல் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நானோ சில்வர் என்றால் கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய வெள்ளித் துகள். செய்முறை ரொம்ப சுலபம். நிறமில்லாத சில்வர் நைட்ரேட் கரைசலில் வடிகட்டிய இலைச்சாற்றை விட்டால் முதலில் மஞ்சளாகும், அப்புறம் பழுப்பேறும். எந்த ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று காட்டும் யுவி கருவியின் வரைபடத்தில் 420 நானோமீட்டர் பக்கம் ஒரு மேடு தெரிந்தால் துகள் வந்துவிட்டது. பிறகு பாக்டீரியா வளர்த்த அகார் (ஜெல்லி) தட்டில் ஒரு சொட்டு வைத்து, சுற்றிலும் எத்தனை மில்லிமீட்டர் பாக்டீரியா இல்லாமல் வெளுத்திருக்கிறது என்று ஸ்கேலால் அளந்து, கடைசிப் பத்தியில் "விவசாயத்தில் பயன்படும்" என்று எழுதினால் கட்டுரை ரெடி. மண்ணைத் தொடவே வேண்டாம்!

நானோ ஆக்காத வெறும் சில்வர் நைட்ரேட்டையும் வெறும் இலைச்சாற்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாமே என்று கேட்டேன். கைடுக்குப் பிடிக்கவில்லை. நானே வைத்தேன். வெறும் சில்வர் நைட்ரேட்டும் கிட்டத்தட்ட அதே அளவு வட்டம் போட்டது. ஆச்சரியமில்லை, கொல்லும் வேலையில் பெரும்பங்கு துகளிலிருந்து கரைந்து வரும் வெள்ளி அயனிக்குத்தான். அந்தத் தட்டின் படம் மட்டும் கட்டுரையில் வரவில்லை. என் பெயர் நான்காவதாக வந்தது, முதல் பெயருக்குரியவர் பிபெட்டைத் தொட்டு நான் பார்த்ததே இல்லை. மின்னணு நுண்ணோக்கிக்கு வரிசையில் காத்திருந்தது யார், படத்தைப் போட்டுக்கொண்டது யார்... சரி, விடுங்கள், அது வேறு கதை.

விஷயம் இதுதான். எந்தச் சாற்றில் செய்தாலும் உள்ளே இருப்பது வெள்ளி. நோய்க் கிருமியை மட்டும் தேடிக் கொல்ல அதற்குத் தெரியாது, தழைச்சத்தை (நைட்ரஜனை) மண்ணில் சேர்க்கும் பாக்டீரியாவும் அதற்கு ஒன்றுதான். மற்ற உலோகத் துகள்களிலும் இந்தக் கவலை உண்டு. 2012-இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில் சோயா பயிரிட்ட மண்ணில் சீரியம் ஆக்சைடு நானோ துகளைக் கலந்தார்கள். அதிக அளவு கலந்த இடத்தில், பாக்டீரியா குடியிருக்கும் வேர் முடிச்சுகளில் தழைச்சத்து பிடிக்கும் வேலையே படுத்துவிட்டது. துத்தநாக ஆக்சைடு கலந்த செடியில் துத்தநாகம் விதை வரைக்கும் போயிருந்தது.

உடனே "நானோ எதிரி" என்று சண்டைக்கு வராதீர்கள். பூச்சிமருந்தை நுண்ணிய உறைக்குள் அடைத்து மெதுவாக விடுவது நல்ல யோசனை, மழையில் கழுவிப்போவது குறையும். துத்தநாகம் போன்ற நுண்ணூட்டங்கள் பயிருக்குக் கொஞ்சம்தான் தேவை, அங்கே நானோவுக்கு வேலை இருக்கிறது. ஆனால் தழைச்சத்து கிலோ கணக்கில் வேண்டும். 2021-இல் இந்தியாவில் இலையில் தெளிக்கும் திரவ உரமாக நானோ யூரியா வந்தபோது அரை லிட்டர் பாட்டில் ஒரு மூட்டை யூரியாவுக்குச் சமம் என்றார்கள். அதில் நைட்ரஜன் 4 சதவீதம் என்றால் பாட்டிலில் சுமார் 20 கிராம் நைட்ரஜன், 45 கிலோ மூட்டையில் 20 கிலோவுக்கு மேல். இலை வழியாகப் போனால் வீணாவது குறையும், ஒப்புக்கொள்கிறேன், அதற்காக ஆயிரம் மடங்கா? 2023-இல் கோபன்ஹேகன் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் இந்த வாக்குறுதிக்கு அறிவியல் ஆதாரம் போதாது என்று எழுதினார்கள்.

தலைப்பை மாற்ற முடியாவிட்டால் அகார் தட்டோடு நிறுத்தாமல் மண் தொட்டிகளில் பயறு போடுங்கள்: ஒன்றில் நானோ, ஒன்றில் அதே அளவு வெள்ளி உள்ள சில்வர் நைட்ரேட், ஒன்றில் வெறும் சாறு, ஒன்றில் வெறும் தண்ணீர். வேரைப் பிடுங்கிக் கழுவி முடிச்சுகளை எண்ணுங்கள், உள்ளே வெட்டிப் பார்த்தால் வேலை செய்யும் முடிச்சு இளஞ்சிவப்பாக இருக்கும். தெளிக்கும்போது மாஸ்க் போடுங்கள். கையுறையும் கட்டாயம், சில்வர் நைட்ரேட் விரலில் பட்டால் வெயில் பட்டுக் கறுத்துப்போகும், எந்தச் சோப்புக்கும் போகாது.