‘டு’ எங்கே வரும், எங்கே வராது?

கேள்வி: கிளிநொச்சியில் ஒரு வேலைக்கு ஆங்கிலத்தில் விண்ணப்பம் எழுதுகிறேன். ‘ஐ கேன் டு ஸ்பீக் சிங்களா’ என்று எழுத, ரியூசன் சேர் ‘டு’வை வெட்டிவிட்டார். ‘ஐ வாண்ட் லேர்ன்’ என்றதில் ‘டு’வைச் சேர்த்தார். இதற்கு ஏதும் விதி இருக்கிறதா?
— வாசகி, பரந்தன்

பதில்: சேர் திருத்தியது இரண்டும் சரி. ‘பேச முடியும்’, ‘பேச விரும்புகிறேன்’, ‘பேச விடு’ என மூன்றுக்கும் நமக்கு ஒரே ‘பேச’ போதும். பள்ளியில் படித்த செயவெனெச்சம்தான். ஆங்கிலத்தில் அப்படியில்லை. வினை தனியே நிற்பதா, ‘டு’வோடு வருவதா, ‘இங்’ ஏற்பதா என்பதை முன்னால் நிற்கும் சொல்தான் தீர்மானிக்கும்.

கேன், மஸ்ட், ஷுட், வில் ஆகியவற்றின் பின் ‘டு’ வராது. ‘ஐ கேன் ஸ்பீக் சிங்களா’, அவ்வளவுதான். ‘டு’ போட்டே ஆகவேண்டும் என்று கை துடித்தால் ‘ஐ ஆம் ஏபிள் டு ஸ்பீக்’ என்று எழுதலாம். வாண்ட், ஹோப், டிசைட், பிளான் ஆகியவற்றுக்கு ‘டு’ வேண்டும். என்ஜாய், ஃபினிஷ், அவாய்ட் ‘இங்’ கேட்கும். இந்தப் பட்டியல்களில் தர்க்கம் தேடி மினக்கெடாதீர்கள். முழு வாக்கியமாகவே வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள்.

‘மேக்’ கொஞ்சம் குழப்படிக்காரன். ‘தே மேட் மீ வெயிட்’ என்பதில் ‘டு’ இல்லை. அதையே செயப்பாட்டுவினையாக்கினால் ‘ஐ வாஸ் மேட் டு வெயிட்’ என்று வந்துவிடும்.

எதற்காகச் செய்தோம் என்று சொல்லவும் ‘டு’தான். இரணைமடுவில் தண்ணீர் விட வான்கதவுகளைத் திறந்தார்கள் என்பதற்கு ‘தே ஓப்பன்ட் த கேட்ஸ் டு ரிலீஸ் வாட்டர்’. ‘விடுறதுக்கு’ என்று பேசிப் பழகிய நாம் அந்தக் ‘கு’வுக்காக ‘ஃபார் டு ரிலீஸ்’ என்று எழுதிவிடுகிறோம். அந்த ‘ஃபார்’ வேண்டாம்.

‘ஸ்டாப்’ என்ற சொல் ‘டு’, ‘இங்’ இரண்டையும் ஏற்கும், பொருள்தான் தலைகீழாகும். ஏ9 வீதியில் போகும்போது முறிகண்டிப் பிள்ளையாரைக் கும்பிட வாகனத்தை நிறுத்தினால் ‘வீ ஸ்டாப்ட் டு பிரே’. ‘வீ ஸ்டாப்ட் பிரேயிங்’ என்று எழுதினால் கும்பிடுவதையே விட்டுவிட்டீர்கள் என்றாகிவிடும்!

விண்ணப்பத்தின் கடைசி வரியையும் ஒருமுறை பாருங்கள். ‘ஐ லுக் ஃபார்வர்ட் டு ஹியர் ஃப்ரம் யூ’ என்று இருந்தால் ‘ஹியரிங்’ என்று மாற்றுங்கள். அங்கே வரும் ‘டு’ வினையோடு சேர்ந்ததல்ல. ‘இன்’, ‘அட்’ போன்ற முன்னிடைச்சொல். அதன் பின் வினை வந்தால் ‘இங்’ சேர்த்தே எழுதவேண்டும்.