ஏ பி சி டி தெரிஞ்ச குழந்தைக்கு ஸ்கூல்ல ஏன் 'ஸ்ஸ்ஸ்'னு ஆரம்பிக்கறாங்க? – வாசகர் கேள்வி பதில்

இங்கிலாந்துல இருக்கற தமிழ்க் குடும்பங்கள்கிட்டேருந்து பிரைமரி ஸ்கூல் பத்தி நிறைய கேள்வி வந்திருக்கு, முக்கால்வாசி குழந்தை எப்படிப் படிக்கக் கத்துக்குதுங்கறதைப் பத்திதான். அதையெல்லாம் இந்தத் தடவை ஒண்ணா எடுத்துக்கறேன்.

கேள்வி: அக்கா, போன வருஷம் திருச்சியிலேருந்து லண்டன் ஹாரோவுக்கு வந்தோம். பையனுக்கு நாலரை வயசு, ரிசப்ஷன் கிளாஸ் (இங்க ஸ்கூலோட முதல் வருஷம்). ஊர்ல எல்கேஜியிலயே ஏ டு இசட் எழுதுவான், ஏ ஃபார் ஆப்பிள் முழுசா சொல்வான். இங்க முதல்ல வார்த்தையே இல்லாத படப் புத்தகம் குடுத்தாங்க, இப்ப 'சாட், பின், டாப்'னு மூணெழுத்து வார்த்தை. எழுத்தோட பேரைச் சொல்லித்தராதீங்க, சவுண்ட் மட்டும் சொல்லுங்கன்னு டீச்சர் சொல்றாங்க. பையன் பின்னாடி போறானோன்னு பயமா இருக்கு.

பின்னாடி போகலைங்க, வேற பாதையில போறான், அவ்ளோதான். 'சி, ஏ, டி'ன்னு மூணு பேரையும் எவ்ளோ வேகமா சொன்னாலும் 'சியேடி'ன்னுதான் வரும், 'கேட்'னு வராது. எழுத்தோட பேர் வேற, அது வார்த்தைக்குள்ள எழுப்பற ஓசை வேற. குழந்தைக்குப் படிக்க உதவறது அந்த ஓசைதான், அதனால இங்க ஓசையை முதல்ல வச்சு பேரைக் கொஞ்சம் தள்ளிச் சொல்லித்தர்றாங்க. இதுக்கு போனிக்ஸ்னு பேர், ரிசப்ஷன்லேருந்து தினமும் ஒரு கிளாஸ் கண்டிப்பா உண்டு.

முதல்ல எஸ், ஏ, டி, பி, ஐ, என்னு ஆறு எழுத்து எடுப்பாங்க. ஏன் இந்த ஆறுன்னா, இதை வச்சே சிட், டின், நாப், பான், ஆன்ட்னு ஏகப்பட்ட வார்த்தை கோர்க்கலாம். ஏ பி சி வரிசையில போனா முதல் மூணு எழுத்துக்கு 'கேப்'ங்கற ஒரு வார்த்தைதான் தேறும். ரெண்டாவது வாரத்துலயே குழந்தை தானா ஒரு வார்த்தையைப் படிச்சுட்டா அதுக்கு வர்ற தைரியம் இருக்கே, அதைப் பக்கத்துல உக்காந்து பார்த்தாத்தான் தெரியும்.

இங்கிலாந்துல எப்பவும் இப்படி இருந்ததில்லை. 1998-ல வந்த தேசிய எழுத்தறிவுத் திட்டத்துல போனிக்ஸும் இருந்துச்சு, கூடவே படத்தைப் பாரு, முன்னாடி பின்னாடி என்ன வருதுன்னு யோசி, ஊகிச்சுச் சொல்லுன்னு எல்லாத்தையும் கலந்து சொல்லித்தந்தாங்க. அதுல என்ன ஆச்சுன்னா 'போனி'ன்னு எழுதியிருக்கும், படத்துல குதிரை இருக்கும், குழந்தை 'ஹார்ஸ்'னு சொல்லிட்டுப் பக்கத்தைத் திருப்பிடும், படிச்ச மாதிரியே இருக்கும் ஆனா படிக்கலை. ஸ்காட்லாந்துல கிளாக்மனன்ஷயர்ங்கற சின்ன மாவட்டத்துல ஓசையைச் சேர்த்துப் படிக்கற முறையில கத்துக்கிட்ட பிள்ளைங்களை ஏழு வருஷம் பின்தொடர்ந்து பார்த்து 2005-ல அறிக்கை வந்துச்சு, வார்த்தைகளைப் படிக்கறதுல அவங்க வயசுக்கு மிஞ்சி முன்னாடி இருந்தாங்க. அடுத்த வருஷமே ஜிம் ரோஸ் தலைமையில வந்த அரசு அறிக்கை இங்கிலாந்து ஸ்கூல்கள் எல்லாம் இந்த வழிக்கு வரணும்னு சொல்லுச்சு. 2014-லேருந்து நடைமுறைக்கு வந்த தேசியப் பாடத்திட்டத்துலயும் இதுதான் இருக்கு.

இங்கிலீஷ்ல எழுத்து 26, ஓசை சுமார் 44. அதனாலதான் 'ஷிப்'ல ரெண்டு எழுத்து சேர்ந்து ஒரு ஓசை, 'நைட்'ல ஐ, ஜி, ஹெச் மூணும் சேர்ந்து ஒரே 'ஐ'. ஒரே ஓசைக்கு நாலஞ்சு ஸ்பெல்லிங் வேற. இதையெல்லாம் பெரியவங்க நாம மனப்பாடமா கடந்து வந்துட்டோம், குழந்தைக்கு இதை ஒரு ஒழுங்குல ஒவ்வொண்ணா கையில குடுக்கறாங்க. 'த', 'வாஸ்', 'செட்' மாதிரி ஒழுங்குக்கு அடங்காத வார்த்தைகளை 'ட்ரிக்கி வேர்ட்ஸ்'னு தனியா பழக்குவாங்க.

வீட்ல நீங்க செய்யவேண்டியது, ஓசையை வால் இல்லாம சொல்றது. நம்ம ஆளுங்க எல்லாருமே 'க, ஆ, ட'ன்னு சொல்லிக் குடுக்கறோம், குழந்தை அதை அப்படியே சேர்த்து 'கஆட'ன்னு சொல்லிட்டு நம்ம மூஞ்சியைப் பார்க்கும். உங்களுக்குப் புள்ளி தெரியும்ல, அதை மேல வைங்க. க், ட், ப், ம், ஸ். மெய்யெழுத்துதான் இவங்க கேக்கற சுத்தமான ஓசை. ஒரு பேப்பர்ல 'ஸ் - ஆ - ட்'னு தமிழ்ல எழுதி வச்சுக்கிட்டு சொல்லிப் பாருங்க (ஆப்பிள்ல வர்ற 'ஆ'), கடைசி 'ட்'ல நாக்கு தட்டினதோட நிக்கணும், 'டு'ன்னு இழுக்கக்கூடாது. ஸ், ம், ஃப், ன் இதையெல்லாம் இழுக்கலாம், ப், ட், க் இழுக்கக்கூடாது. நமக்கு இடிக்கற இடம் ரெண்டு இருக்கு. இங்கிலீஷ் B-க்கும் P-க்கும் நாம ஒரே 'ப' எழுதறோம், தொண்டையில கை வச்சுப் பாருங்க, 'பேட்'டுக்கு (bat) வேண்டிய ப-ல அதிரும், 'பின்'னுக்கு (pin) வேண்டிய ப-ல அதிராது. அதே மாதிரி 'வெட்' (wet), 'வேன்' (van) ரெண்டுக்கும் நமக்கு ஒரே 'வ'தான். 'வெட்'டுக்கு உதட்டைக் குவிக்கணும், 'வேன்'னுக்கு மேல்பல்லு கீழ் உதட்டைத் தொடணும். இது வரலைன்னா விட்டுடுங்க, டீச்சர் பார்த்துப்பாங்க.

வார்த்தை இல்லாத புத்தகத்தைத் தயவுசெஞ்சு வேஸ்ட்னு நினைக்காதீங்க. படத்தைப் பார்த்து யாரு, எங்க போறாங்க, ஏன் அழறாங்கன்னு அவன் கதை சொல்லணும்னுதான் குடுக்கறாங்க. தமிழ்லயே சொல்லட்டும்.

கேள்வி: ஒரே புத்தகத்தை வாரம் பூரா படிக்கச் சொல்றாங்க. பொண்ணுக்கு போர் அடிக்குது. மாத்தித் தரச் சொல்லிக் கேக்கலாமா?

கேக்கவேண்டாம். நிறைய ஸ்கூல்ல ஒரு புத்தகத்தை வாரத்துல மூணு தடவை சின்னக் குழுவா உக்காந்து படிப்பாங்க, ஒரு நாள் ஓசை பிரிச்சு, ஒரு நாள் ஏத்த இறக்கத்தோட, ஒரு நாள் என்ன புரிஞ்சுதுன்னு. அதுக்கப்புறம்தான் வீட்டுக்கு வரும், அப்ப அவ தட்டாம படிச்சுக் காட்டணும், அதுக்குத்தான் அந்தப் புத்தகம். கூட இன்னொரு கதைப் புத்தகம் பையில இருக்கும் பாருங்க, அது நீங்க படிச்சுச் சொல்லவேண்டியது, அதை அவளைப் படிக்கச் சொல்லி உக்கார வைக்காதீங்க. போர் அடிச்சா லைப்ரரிக்குப் போங்க, குழந்தைங்களுக்கு மெம்பர்ஷிப் இலவசம், கோடை லீவுல சம்மர் ரீடிங் சேலஞ்ச்னு நடத்துவாங்க, அதுல சேர்த்து விடுங்க.

கேள்வி: மகன் இயர் ஒன். ஜூன் மாசம் போனிக்ஸ் செக் இருக்காம், அர்த்தமே இல்லாத வார்த்தையெல்லாம் வருமாம். இதுக்கு டியூஷன் வைக்கணுமா சார்/மேடம்? தெரிஞ்சவங்க வீட்ல எல்லாம் வச்சிருக்காங்க. – ஸ்லவ்விலிருந்து ஒரு அப்பா

வேண்டாம் சார். 2012-லேருந்து இங்கிலாந்துல இது நடக்குது, ஸ்காட்லாந்து, வேல்ஸ்ல இது கிடையாது. மொத்தம் 40 வார்த்தை, 20 நிஜம், 20 சும்மா உருவாக்கினது. தெரிஞ்ச டீச்சரே தனியா உக்காரவச்சுக் கேப்பாங்க, சில நிமிஷத்துல முடிஞ்சுடும். வழக்கமா 32 வந்தா போதும்னு வச்சிருக்காங்க. வரலைன்னா இயர் டூல இன்னொரு தடவை, நடுவுல கூடுதல் உதவி. கிளாஸ்ல ரேங்க் எல்லாம் கிடையாது.

அர்த்தமில்லாத வார்த்தை ஏன்னா, நிஜ வார்த்தையை மனப்பாடத்துல சொல்லிட முடியும், 'விப்', 'சோம்ப்' மாதிரி ஒண்ணை ஓசை தெரிஞ்சாத்தான் சொல்லமுடியும். பக்கத்துல ஒரு ஏலியன் படம் போட்டிருப்பாங்க, இது அந்த ஜந்துவோட பேருன்னு குழந்தைக்குச் சொல்லிடுவாங்க. இதுல எனக்கு ஒரு வருத்தம் உண்டு, அதையும் சொல்லிடறேன். நல்லாப் படிக்கற குழந்தை 'ஸ்ட்ராம்'னு எழுதியிருந்தா அது தப்பா அச்சாயிருக்குன்னு நினைச்சு 'ஸ்டார்ம்'னு திருத்திப் படிக்கும், அதுக்கு மார்க் போயிடும். அர்த்தத்தைத் தேடற குழந்தைக்கு இது நியாயமே இல்லை. ஆனாலும் செக்கை எடுத்துடணும்னு நான் சொல்லமாட்டேன், ஏன்னா கிளாஸ்ல சத்தம் போடாம மத்தவங்களோட சேர்ந்து வாயை அசைச்சுக்கிட்டே ஒரு வருஷம் ஓட்டிட்ட பிள்ளை இந்த அஞ்சு நிமிஷத்துலதான் கண்ணுல படுது. நம்ம வீட்டுப் பிள்ளைங்கள்ல அமைதியா இருக்கறவங்க நிறைய.

டியூஷனுக்குக் குடுக்கற காசுல கதைப் புத்தகம் வாங்குங்க. ஸ்கூல்ல ஒரு முறையில சொல்லித்தர்றாங்க, டியூஷன்ல வேற முறையில எழுத்துப் பேரை வச்சு ஸ்பெல்லிங் மனப்பாடம் பண்ண வச்சா, பிள்ளை ரெண்டுக்கும் நடுவுல மாட்டிக்கிட்டு முழிக்கும்.

கேள்வி: வணக்கம். நான் யாழ்ப்பாணம், இப்ப மகளோட லண்டனில இருக்கிறன். பேத்திக்கு அஞ்சு வயசு. இங்கிலீஷ் வாசிப்பு பிந்திப் போயிடும் எண்டு மருமகன் வீட்டில தமிழ் கதைக்க வேண்டாம் எண்டுறார். சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூடத்தையும் நிப்பாட்டப் போறாராம். எனக்கு இங்கிலீஷ் அவ்வளவா வராது. நான் பிள்ளையோட கதைக்காம இருக்கிறதோ?

அம்மா, பேசுங்க. விடாம பேசுங்க. மருமகன் பிள்ளை மேல இருக்கற அக்கறையிலதான் சொல்றார், ஆனா அவர் பயப்படற காரியம் தமிழ் பேசறதால நடக்காது.

1986-ல காஃப், டன்மர்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் எளிமையா ஒண்ணு சொன்னாங்க. வாசிப்புங்கறது ரெண்டு விஷயத்தைப் பெருக்கினா வர்றது, ஒண்ணு எழுத்தை ஓசையாக்கறது, இன்னொண்ணு பேச்சைப் புரிஞ்சுக்கறது. கூட்டல் இல்லை, பெருக்கல், ஒண்ணு பூஜ்யமானா மொத்தமும் பூஜ்யம். இங்க ஸ்கூல்கள் இன்னைக்குப் பெரும்பாலும் இதை வச்சுத்தான் வாசிப்பைப் பார்க்குது. முதல் பாதியை டீச்சர் தினமும் சொல்லித்தர்றாங்க. ரெண்டாவது பாதி, அதாவது உலகத்தைப் பத்தி பிள்ளைக்கு எவ்ளோ தெரியும், எவ்ளோ பேசத் தெரியும், அது வீட்லதான் பெருசா வளருது.

நான் வேலை பார்க்கற ஸ்கூல்ல ஒரு தமிழ்ப் பையன் 'ம்-ஆ-ஸ், மாஸ்'னு தட்டாம படிச்சான். என்ன அதுன்னு கேட்டேன், உதட்டைப் பிதுக்கினான். "பாசிடா கண்ணு"ன்னேன். உடனே "பின்பக்கச் செவத்துல பச்சையா இருக்கும், வழுக்கும், அம்மம்மா தொடக்கூடாதுன்னு சொன்னாங்க"ன்னு முழுசா சொன்னான். அந்தப் புரிதல் முழுக்க அம்மம்மா தமிழ்ல குடுத்தது, ஸ்கூல்ல அதுக்கு மேல ஒரு இங்கிலீஷ் பேரை ஒட்டினா போதும். பாசின்னா என்னன்னே தெரியாத பிள்ளைக்கு ரெண்டையும் புதுசா சொல்லித்தரணும். உங்க மகளும் மருமகனும் வேலை முடிஞ்சு களைச்சு வந்து அரைகுறையா பேசற இங்கிலீஷை விட நீங்க நாள் பூரா பேசற தமிழ் அந்தப் பிள்ளையோட இங்கிலீஷ் வாசிப்புக்கு அதிகம் உதவும், இதை மருமகன்கிட்ட அப்படியே படிச்சுக் காட்டுங்க.

பாடத்துலயும் நீங்க உதவலாம். இந்த வயசுல சரித்திரப் பாடத்துல பெரும்பாலும் 1666 லண்டன் பெரும் தீ வரும். புடிங் லேன்ங்கற தெருவுல ஒரு பேக்கரியில ராத்திரி தீப்பிடிச்சுது, வீடெல்லாம் மரம், நெருக்கமா இருந்துச்சு, காத்து வேற அடிச்சுது, நாலு நாளு ஊரே எரிஞ்சுது. இதை மகள்கிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டு நீங்க ராத்திரி கதையா சொல்லுங்க. பேக்கரிக்காரர் என்ன பண்ணியிருப்பார், ஜனங்க எங்க ஓடியிருப்பாங்கன்னு பேத்தியைக் கேளுங்க. மறுநாள் கிளாஸ்ல அந்தப் பக்கத்தைத் திறக்கும்போது பாதி அவளுக்கு ஏற்கனவே தெரிஞ்சதா இருக்கும்.

தமிழ்ப் பள்ளிக்கூடத்தையும் நிறுத்தவேண்டாம்னு சொல்லுங்க. 'ம் + ஆ = மா'ன்னு அங்க சொல்லித்தர்றாங்க இல்லையா, ஓசையைச் சேர்த்துப் படிக்கற அதே வேலைதான் இங்கிலீஷ் கிளாஸ்லயும் நடக்குது. ஒரு மொழியில ஓசையைச் சேர்க்கற சூட்சுமம் பிடிபட்டா இன்னொண்ணுக்கு அது தானா கை குடுக்கும். ரெண்டு எழுத்தும் குழம்பிடும்னு பயப்படவேண்டாம், தமிழ் எழுத்தும் இங்கிலீஷ் எழுத்தும் பார்க்கவே வேற வேற.

கேள்வி: அடுத்த செப்டம்பர்ல பொண்ணை ரிசப்ஷன்ல சேர்க்கணும். ஸ்கூல் வெப்சைட் எல்லாத்துலயும் கரிகுலம் பக்கத்துல 'இன்டென்ட், இம்ப்ளிமென்டேஷன், இம்பாக்ட்'னு ஒரே மாதிரி எழுதியிருக்காங்க. எதை வச்சு முடிவு பண்றது?

அந்த மூணு வார்த்தையும் 2019-ல ஆஃப்ஸ்டெட், அதாவது ஸ்கூல்களை ஆய்வு பண்ற அரசு அமைப்பு, ஆய்வு முறையை மாத்தினப்போ பரவினது. என்ன சொல்லித்தரணும்னு நினைக்கறோம், எப்படிச் சொல்லித்தர்றோம், பிள்ளைக்கு என்ன தங்குச்சு, இவ்ளோதான் அர்த்தம். எல்லா ஸ்கூலும் அதையே எழுதறதால அதை வச்சு பிரிச்சுப் பார்க்கமுடியாது. 'அவுட்ஸ்டாண்டிங்', 'குட்'னு ஸ்கூல் மொத்தத்துக்கும் ஒரே வார்த்தையில தரம் போடறதையும் 2024 செப்டம்பரோட நிறுத்திட்டாங்க, அதனால பழைய பேனரைப் பார்த்து மயங்காதீங்க, அறிக்கையில வாசிப்பு பத்தின பத்தியை மட்டும் எடுத்துப் படிங்க.

ஸ்கூல் சுத்திக் காட்ட ஒரு நாள் வைப்பாங்க, கண்டிப்பா போங்க. போனிக்ஸுக்கு எந்த ஸ்கீம், எல்லா டீச்சரும் அதையேதான் பின்பத்தறாங்களான்னு கேளுங்க. வீட்டுக்கு அனுப்பற புத்தகத்துல பிள்ளை கத்துக்கிட்ட ஓசை மட்டும்தான் இருக்குமான்னு கேளுங்க. எனக்கு முக்கியமா படறது, ஒரு பிள்ளை பின்தங்கினா எப்ப, யாரு, எவ்ளோ நேரம் தனியா உக்காருவாங்கங்கற கேள்விதான். "அன்னைக்கே மத்தியானம்"னு சொல்ற ஸ்கூலும் உண்டு, "அடுத்த டேர்ம் பார்க்கலாம்"னு சொல்ற ஸ்கூலும் உண்டு. அப்புறம் டீச்சர் தினமும் கதை படிச்சுக் காட்டறாங்களா, எந்நேரம்னு கேளுங்க, நேரம் சொல்லமுடியலைன்னா அது நடக்கறது சந்தேகம்தான். அப்ளிகேஷனுக்கு கடைசி நாள் ஜனவரி 15, ஏப்ரல் 16 வாக்குல பதில் வரும், கவுன்சில் வெப்சைட்ல போட்டு, ஒரே ஸ்கூலை மட்டும் எழுதாம அவங்க குடுக்கற எல்லா இடத்தையும் வரிசைப்படுத்தி நிரப்புங்க.