பெருவின் கூஸ்கோ நகரைச் சிறு குழுவோடு, வழிகாட்டி வைத்துச் சுற்றிப் பார்க்கலாமா? எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

தாராளமாகப் போகலாம். ஆனால் குழு சிறியதா என்று மட்டும் கேட்டுவிட்டுப் பணம் கட்டாதீர்கள். எந்த இடத்துக்கு முதலில் போகிறார்கள், எத்தனை மணிக்குக் கிளம்புகிறார்கள் என்று கேளுங்கள். கூஸ்கோ பயணம் பலருக்குச் சொதப்புவது அந்த வரிசையில்தான்.

பிளாசா டி அர்மாஸ் சதுக்கத்தைச் சுற்றியுள்ள கடைகளில் விற்கும் 'சிட்டி டூர்' பெரும்பாலும் மதியம் ஒன்று அல்லது இரண்டு மணிக்குத் தொடங்கும். ஸ்பானியர்களுக்கு முன் இங்கே ஆண்ட இன்காக்களின் கோரிகாஞ்சா கோயிலைக் காட்டிவிட்டு, பேருந்தில் ஏற்றி, நகருக்கு மேலே இருக்கும் சக்சாய்வாமன், கென்கோ, புகா புகாரா, தம்போமச்சாய் என்ற நான்கு பழைய இன்கா இடங்களுக்கும் வரிசையாகக் கொண்டுபோவார்கள். நடுவில் ஒரு வெள்ளிக்கடையோ அல்பாக்கா கம்பளிக்கடையோ கட்டாயம் வரும். முப்பது, நாற்பது பேர் ஏறி இறங்கவே பாதி நேரம் போய்விடும். கூஸ்கோவில் வருடம் முழுக்க மாலை ஆறு மணியை ஒட்டியே இருட்டிவிடுகிறது. அதனால் கடைசி இடமான தம்போமச்சாய்க்கு, அதாவது நான்கிலும் உயரமான இடத்துக்கு, வெளிச்சம் போய்க் குளிர் ஏறும் நேரத்தில், களைத்துப்போய்ச் சேர்வீர்கள்.

எட்டு முதல் பன்னிரண்டு பேர் கொண்ட குழு என்றால் ஒரு வேன் போதும், வரிசையைத் திருப்பிப் போடலாம். காலை எட்டு மணிக்குக் கிளம்பி நேராகத் தம்போமச்சாய் வரை வேனில் ஏறிவிடுங்கள். அங்கே ஊற்றுநீர் இன்றும் இன்காக்கள் வெட்டிய கல்வாய்க்கால் வழியே விழுகிறது. சாலையைக் கடந்து சில நூறு மீட்டர் நடந்தால் புகா புகாரா. அங்கிருந்து கென்கோவுக்கு மறுபடி வேன். கென்கோவிலிருந்து சக்சாய்வாமன் பக்கம்தான். சக்சாய்வாமனை முடித்ததும் வேனை அனுப்பிவிட்டு, சான் கிறிஸ்தோபல் தேவாலயம் வழியாகப் படிகளில் இறங்கினால் அரை மணி நேரத்துக்குள் சதுக்கம் வந்துவிடும். ஏற்றமெல்லாம் வண்டியில், இறக்கமெல்லாம் காலில். இந்த உயரத்தில் இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது.

உயரத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 3,400 மீட்டரில் இருக்கிறது; மேலே சொன்ன நான்கு இடங்களும் அதைவிட உயரத்தில் இருக்கின்றன. கடலோர லிமாவிலிருந்து விமானம் ஒன்றேகால் மணி நேரத்தில் கொண்டுவந்து இறக்கிவிடும். உடல் அதற்குள் பழகாது. வந்த அன்றே மலைப்பகுதிச் சுற்றுலாவை வைத்துக்கொண்டால் தலைவலி, வாந்தி, தூக்கமின்மை என்று அடுத்த இரண்டு நாளும் வீணாகும். அங்கே இதைச் 'சொரோச்சே' என்பார்கள். முதல் நாள் சதுக்கத்தைச் சுற்றிய சமதளத்தில் மட்டும் மெதுவாக நடங்கள், மது வேண்டாம், இரவு உணவு குறைவாக இருக்கட்டும். அசெட்டசோலமைடு மாத்திரை உதவும். ஆனால் சல்பா மருந்து ஒவ்வாமை உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் தொடக்கூடாது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ கோகா இலைத் தேநீர் குடித்துப் பார்க்கலாம் என்று இருந்துவிடாதீர்கள். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அடுத்தது சீட்டு. சுற்றுலா விலையில் நுழைவுக்கட்டணம் பெரும்பாலும் சேராது. 'போலெத்தோ துரிஸ்திகோ' என்ற கூட்டுச்சீட்டு வெளிநாட்டவருக்கு 130 சோல் (பெருவின் நாணயம்). பதினாறு இடங்கள், பத்து நாள் செல்லும். மேலே சொன்ன நான்கு இடங்களுக்கு மட்டுமான பகுதிச்சீட்டு 70 சோல், ஒரே நாள்தான் செல்லும். பக்கத்துப் பள்ளத்தாக்கில் உள்ள பிசாக், ஒல்லந்தாய்தாம்போ எல்லாம் பார்க்கும் எண்ணம் இருந்தால் அதற்கும் தனியாக 70 ஆகும். அப்போது முழுச்சீட்டே மலிவு. கட்டணம் மாறியிருக்கிறதா என்று கிளம்பும் முன் பார்த்துவிட்டு, ரொக்கமாகச் சோல் கொண்டுபோங்கள். இங்கேதான் பலரும் ஏமாறுவார்கள்: கூட்டுச்சீட்டில் கோரிகாஞ்சா என்ற பெயர் இருக்கும். அது அவெனிதா எல் சோல் சாலைப் பக்கம், தோட்டத்துக்கு அடியில் உள்ள சிறு அருங்காட்சியகம். மேலே இருக்கும் கோயிலுக்கும் சாந்தோ தொமிங்கோ மடத்துக்கும் தனிச்சீட்டு. சதுக்கத்தில் உள்ள கதீட்ரல் என்ற பெரிய தேவாலயத்துக்கும் அப்படியே. காலையில் பூசை நடக்கும்போது கதீட்ரலில் சுற்றுலாப் பயணிகளை விடமாட்டார்கள், அதனால் மலைப்பகுதியைக் காலையிலும் கதீட்ரலை மதியத்துக்குப் பிறகும் வைப்பதே பொருந்தும்.

வழிகாட்டி எப்படிப்பட்டவர் என்பது ஆத்தூன் ருமியோக் தெருவில் தெரிந்துவிடும். இன்கா ரோக்கா என்ற மன்னரின் அரண்மனைச் சுவர் அது. அதன்மேல் இன்று பேராயர் இல்லம் நிற்கிறது. பன்னிரண்டு மூலைக் கல் இந்தச் சுவரில்தான் இருக்கிறது. சாதாரண வழிகாட்டி மூலைகளை எண்ணிக்காட்டி, "கத்திகூட நுழையாது" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். நல்லவர் உங்களைக் கல்லுக்குப் பக்கவாட்டில் நிறுத்துவார். வெயில் சாய்வாக விழும்போது ஒவ்வொரு கல்லின் முகமும் தலையணைபோல் புடைத்து, இணைப்பு உள்வாங்கி, அந்தக் கோட்டில் மட்டும் நிழல் தங்கியிருப்பது தெரியும். கல்லின் பரப்பு முழுக்கச் சிறு குழிகள். நடுவில் பெரிதாக இருப்பவை ஓரத்துக்கு வர வரப் பொடியாகிவிடும். ஆற்றுக் கூழாங்கல் போன்ற கெட்டியான கற்களையே சுத்தியலாக்கிக் கொத்தியிருக்கிறார்கள். ஓரம் சிதறிவிடாமல் இருக்க, அங்கே சிறிய கல்லால் மெல்லத் தட்டியிருக்கிறார்கள். இப்படிக் கண்முன்னே கைவேலையின் தடம் இருக்க, கல்லை உருக்கி வார்த்தார்கள், வேற்றுக்கிரகவாசிகள் வந்தார்கள் என்று கதை விடுபவரை நம்பி மீதி இடங்களுக்குப் போகாதீர்கள். அந்த உழைப்பாளிகளுக்குச் சேர வேண்டிய மதிப்பை அது பறித்துவிடுகிறது. சுவரைத் தொடவும் வேண்டாம். 2025 பிப்ரவரியில் ஒருவர் சுத்தியல் போன்ற கருவியால் அடித்து அந்தக் கல்லின் முகத்தைச் சில இடங்களில் பெயர்த்துவிட்டார்.

அதே வழிகாட்டி கோரிகாஞ்சாவில் 1950 மே 21 நிலநடுக்கத்தைப் பற்றிப் பேசுகிறாரா என்று பாருங்கள். அந்தக் கோயில்மேல் ஸ்பானியர்கள் எழுப்பிய மடத்தின் பெரும்பகுதி இடிந்து விழுந்தது. அடியில் இருந்த இன்கா சுவர்கள் விழாமல் நின்று வெளியே தெரிந்தன. சுவர் உள்பக்கமாகச் சற்றுச் சாய்ந்திருப்பதும், வாசலும் மாடமும் மேலே குறுகிக் கீழே விரிந்திருப்பதும், சாந்து இல்லாத இணைப்புகளும்தான் காரணம். நிலம் ஆடும்போது கற்களும் கொஞ்சம் ஆடி, மறுபடி தம் இடத்தில் அமர்ந்துகொள்கின்றன.

சக்சாய்வாமனுக்குக் குறைந்தது ஒன்றரை மணி நேரம் கேட்டு வாங்குங்கள். மூன்று அடுக்காக, ரம்பப்பல்போல் மடங்கிச் செல்லும் சுண்ணாம்புக்கல் சுவர். பெரிய கற்கள் நூறு டன்னைத் தாண்டும். 1536-இல் இன்காக்கள் ஸ்பானியர் வசமிருந்த நகரை முற்றுகையிட்டுத் தோற்ற பின் தூக்க முடிந்த கற்களையெல்லாம் ஸ்பானியர்கள் நகரில் வீடும் தேவாலயமும் கட்டப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். இன்று நிற்பது அவர்களால் தூக்க முடியாமல் போனது மட்டுமே. இதை மேலே பார்த்துவிட்டு மதியம் கதீட்ரலுக்குள் போனால் அதன் சுவர்களை வேறு கண்ணோடு பார்ப்பீர்கள். உள்ளே மார்க்கோஸ் சப்பாத்தா வரைந்த இறுதி இராவுணவு ஓவியத்தில் இயேசுவின் முன்னால் தட்டில் இருப்பது அந்த மலைநாட்டு உணவான கினிப்பன்றி என்பார்கள். படம் எடுக்க அனுமதி இல்லை, நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நவம்பர் முதல் மார்ச் வரை மழை. ஜனவரி, பிப்ரவரியில் அதிகம். கென்கோவின் பாறைகள் அப்போது வழுக்கும், செருப்பு போட்டுப் போகாதீர்கள். மே முதல் செப்டம்பர் வரை வானம் தெளிவு, ஆனால் வெயில் தோலை உரித்துவிடும். நிழலுக்குப் போனதும் குளிரும். தொப்பியும் சட்டைமேல் சட்டையும் தேவை. ஜூன் 24 இன்டி ராய்மி என்ற சூரிய விழா. அன்று சக்சாய்வாமனில் வழக்கமான சுற்றுலா நடக்காது.

சைவம் சாப்பிடுபவர்கள் 'சின் கார்னே' (இறைச்சி இல்லாமல்) என்று மட்டும் சொன்னால் கோழி வந்து சேரும். 'சின் கார்னே, சின் போயோ, சின் பெஸ்காதோ' (இறைச்சி, கோழி, மீன் இல்லாமல்) என்று மூன்றையும் சொல்லுங்கள். கினுவா சூப் சைவம்போலத் தெரிந்தாலும் எலும்புச்சாற்றில் செய்வது வழக்கம், கேட்டுவிட்டுக் குடிங்கள்.

விடுதியில் தரும் கோகா இலைத் தேநீர் பெருவில் சட்டப்படி சரியானது. இந்தியாவில் அந்த இலையே போதைப்பொருள் பட்டியலில் இருக்கிறது. ஊர் திரும்பும் முன் பெட்டியின் ஓரங்களில் தேநீர்ப் பைகள், கோகா மிட்டாய் ஏதும் தங்கியிருக்கிறதா என்று தேடி எடுத்து அங்கேயே போட்டுவிட்டு வாருங்கள்.