தை மாதத்தில் போடும் பூந்தோட்டத் திட்டம்: கேள்வி பதில்

ரொறன்ரோவிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் வீட்டுத்தோட்டம் செய்கிற நம்மவர்கள் இந்தக் குளிருக்குள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். ஸ்காபரோவில் ஒரே வளவில் 19 வருடமாகப் பல்லாண்டுச் செடிகள் வளர்க்கிறேன். குளிரில் மேலே பட்டுப்போய், வேர் மண்ணுக்குள் உயிரோடு கிடந்து, வசந்தத்தில் திரும்ப முளைக்கிற செடிகளைத்தான் அப்படிச் சொல்கிறேன். கடையில் பெரெனியல் என்று எழுதியிருக்கும்.

அன்ரி, எங்கள் முன்வளவில் நாள் முழுக்க வெயில். 12 அடி நீளம், 5 அடி அகலத்தில் புல்லை எடுத்துவிட்டுப் பூச்செடி வைக்கப் போகிறோம். எதோடு எதைச் சேர்க்கலாம்? (மார்க்கம்)

நிறத்தைக் கடைசியாகப் பாருங்கள், பிள்ளை. எல்லாரும் நாற்றுக்கடையில் மே மாதம் பூத்து நிற்பதைப் பார்த்து வாங்குகிறார்கள். அதனால் யூன் மாதத்தோடு தோட்டம் வெறுமையாகிவிடுகிறது. ஒன்று ஓயும்போது அடுத்தது எழும்ப வேண்டும். சோடி சேர்ப்பது அதற்காகத்தான்.

உங்கள் அளவுக்கு நான் இப்படி வைப்பேன். பின்வரிசையில் கார்ல் ஃபோர்ஸ்டர் என்கிற அலங்காரப் புல் மூன்று, நாலு அடிக்கு ஒன்றாக. அது ஐந்தடி உயரம் வரும், ஆனால் பக்கத்தில் பரவாது, விதை விழுந்தும் முளைக்காது. நடுவில் ஊதா எக்கினேசியா ஐந்து, மஞ்சள் றுட்பெக்கியா மூன்று, ஒன்றரை அடி இடைவெளியில். இவற்றைக் கலந்து தூவ வேண்டாம். ஒரே செடி மூன்றும் ஐந்துமாகக் கூட்டமாக நின்றால்தான் தெருவிலிருந்து கண்ணுக்குப் படும். முன்வரிசையில் கற்மின்ற் (புதினாக் குடும்பத்து ஊதாப் பூச்செடி) மூன்று, செடம் (தடித்த இலைச் செடி) மூன்று. மொத்தம் 17 செடி. இதற்குமேல் ஒன்றும் வாங்காதீர்கள்.

ஒக்டோபரில் கற்மின்றுக்குப் பின்னால் டஃபடில் கிழங்கு முப்பது புதையுங்கள். இந்தச் சோடியில்தான் எனக்கு ஆசை அதிகம். டஃபடில் ஏப்ரல் கடைசியில் பூக்கும். பூ முடிந்த பிறகு இலை பழுத்து அசிங்கமாகக் கிடக்கும், ஆனால் அதை வெட்டக்கூடாது. அடுத்த வருடப் பூவுக்கான சத்தைக் கிழங்கு அந்த இலையால்தான் சேர்க்கிறது. சரியாக அந்த நேரத்தில் கற்மின்ற் பொங்கி எழுந்து அதை மூடிவிடும். ரியூலிப் கிழங்கை அணில் தோண்டித் தின்னும். டஃபடிலில் நஞ்சு இருப்பதால் அணிலும் முயலும் தொடாது.

பிறகு யூலையில் எக்கினேசியா, அதோடு றுட்பெக்கியா, செப்ரெம்பரில் செடம். பனி விழுந்த பிறகும் புல் பொன்னிறமாக நிற்கும். முதல் வருடம் இடைவெளி பெரிதாகத் தெரியும். பயந்துபோய் இன்னும் செடி வாங்கித் திணிக்காமல், அந்த ஒரு வருடம் மட்டும் மேரிகோல்ட் நட்டு நிரப்புங்கள். மூன்றாம் வருடம் இடம் போதாமல் வரும்.

இப்போது யன்னலால் பார்த்தால் பின்வளவு முழுக்க நிழலாக இருக்கிறது. நிழல் செடிதான் வாங்க வேண்டுமா? (பிக்கரிங்)

வாங்காதீர்கள்! பனிக்காலத்து நிழலை நம்பிப் போட்ட திட்டத்தால் நான் ஒரு முழு வருடத்தை இழந்தேன். இங்கே மார்கழியில் நடுப்பகல் சூரியன் 23 பாகை உயரத்தில்தான் நிற்கும். யூனில் அதுவே 70 பாகைக்கு ஏறிவிடும். தெற்குப் பக்கத்து ஆறடி வேலி இப்போது 14 அடிக்கு நிழல் போடும், யூன் நடுப்பகலில் இரண்டு அடிக்குச் சற்று மேல்தான். மரத்தடியிலோ கதை தலைகீழ். இப்போது இலையில்லாமல் வெயில் விழும், கோடையில் இருட்டாகிவிடும். போன கோடையில் பின்வளவில் எடுத்த பிள்ளைகளின் படங்களைத் தேடிப் பாருங்கள். நிழல் எங்கே விழுந்தது, எத்தனை மணிக்கு என்று அதில் இருக்கும். ஆறு மணித்தியாலத்துக்குமேல் வெயில் கிடைத்தால் அது வெயில் பாத்தி.

பெரிய நோர்வே மேப்பிள் மரத்தின் கீழ் எது வைத்தாலும் சாகிறது. (ஸ்காபரோ)

அங்கே நிழலைவிட வேர்தான் பிரச்சினை. அந்த மரத்தின் வேர் மேல்மண்ணிலேயே பாய் மாதிரிப் பின்னிக்கிடந்து தண்ணீர் முழுவதையும் குடித்துவிடும். ஹொஸ்ரா அங்கே பிழைத்தாலும் மெலிந்துதான் நிற்கும். எப்பிமீடியம், பெரிய வேர் ஜெரேனியம், சொலமன்ஸ் சீல் மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். காய்ந்த நிழலை இவை தாங்கும். பெரிய சட்டிச் செடி வாங்கி வேரை வெட்டிக் குழி தோண்டாமல், சின்ன நாற்றாக வாங்கி வேர்களுக்கு இடையில் செருகுங்கள். முதல் இரண்டு கோடைக்கும் கிழமைக்கு இரண்டு தரம் ஆழமாகத் தண்ணீர் விட வேண்டும்.

சாமிக்கு வைக்கச் செவ்வரத்தையும் மல்லிகையும் வேண்டும். நிலத்தில் நின்று குளிரைத் தாங்குமா, அக்கா? (பிரம்ரன்)

ஊர்ச் செவ்வரத்தை தாங்காது, தங்கச்சி. அதைச் சட்டியில் வைத்து, செப்ரெம்பரில் இரவுக் குளிர் 10 பாகைக்கு இறங்குமுன் உள்ளே எடுக்க வேண்டும். ஆனால் அதன் சொந்தக்காரி ஒருத்தி இந்த நாட்டிலேயே இருக்கிறாள். ஹார்டி ஹைபிஸ்கஸ் என்று கேட்டு வாங்குங்கள். தெற்கு ஒன்ராறியோவின் சதுப்பு நிலங்களில் தானாக வளர்கிற இனத்திலிருந்து வந்தது. ஒரு பூ சாப்பாட்டுத் தட்டளவு விரியும். வெயிலும் ஈரமும் இருந்தால் போதும்.

ஒரு எச்சரிக்கை: மற்றச் செடியெல்லாம் முளைத்த பிறகும் இது மே கடைசிவரை செத்தது போலவே கிடக்கும். அப்படி நினைத்து ஒரு வருடம் மண்வெட்டியால் வேரை நானே பிளந்துவிட்டேன். பக்கத்தில் ஒரு தடி ஊன்றி வையுங்கள். சுற்றிலும் டஃபடில் வைத்தால், இது தூங்கும் நாட்களில் அந்த இடம் வெறுமையாக இருக்காது.

மல்லிகையும் சட்டியில்தான். வெளியே வெள்ளைப் பூவும் வாசமும் வேண்டுமென்றால் மொக் ஒரேஞ்ச் பற்றையை வையுங்கள். யூனில் பூக்கும். மல்லிகை வாசம் இல்லைத்தான், தோடம்பூ வாசம். எங்கள் சாமித்தட்டில் யூன் முழுக்க அதுதான்.

இப்போதே விதை போடலாமா? வசந்தம்வரை பொறுக்க முடியவில்லை. (மிசிசாகா)

போடலாம், போடவும் வேண்டும். எக்கினேசியா, மில்க்வீட் போன்றவற்றின் விதை குளிரை அனுபவித்த பிறகுதான் நன்றாக முளைக்கும். மற்ற இடங்களில் பால் கலனை வெட்டி இதற்குப் பாவிப்பார்கள். எங்களுக்கு இங்கே பால் பையில் வருகிறதால், நாலு லீற்றர் தண்ணீர்க் கலன் நல்லது. குறுக்கே வெட்டி, அடியில் ஓட்டை போட்டு, நாலு அங்குலத்துக்கு மண் நிரப்பி விதையைத் தூவி, மூடியைக் கழற்றிவிட்டு மேல்பாதியை ஒட்டி, பனிக்குள்ளேயே வெளியில் வைத்துவிடுங்கள். ஏப்ரலில் தானாக முளைக்கும். இடமில்லையா? ஈரத் துடைதாளில் சுற்றி ஒரு மாதம் பிரிட்ஜில் வைத்தாலும் சரி.

மில்க்வீட் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இது நம்மூர் எருக்கின் குடும்பம். கிள்ளினால் அதே பால். ஊரில் எருக்கிலையைத் தின்று செம்மஞ்சள் வண்ணத்துப்பூச்சி வருமே, அதன் நெருங்கிய இனம்தான் இங்கத்தைய மொனார்க். அதன் புழு மில்க்வீட் இலையைத் தவிர வேறொன்றும் தின்னாது. மெக்சிகோ மலைக்காடுகளில் குளிர்காலத்தைக் கழிக்கிற கூட்டத்தின் குஞ்சுகளும் பேரக்குஞ்சுகளும் இங்கே வந்து முட்டையிடும். ஒன்ராறியோ இதைக் களைப் பட்டியலில் வைத்திருந்து 2014 இல் எடுத்துவிட்டது. நம்முடைய களிமண்ணுக்குச் சதுப்பு மில்க்வீட் பொருத்தம். சாதாரண மில்க்வீட் வேரால் ஓடிப் பரவும். எக்கினேசியாவுக்குப் பின்னால் மூன்று வையுங்கள்.

வாகனப்பாதை ஓரத்தில் உப்பு விழுகிறது. அங்கே? (ஏஜக்ஸ்)

டே லில்லி, கார்ல் ஃபோர்ஸ்டர் புல், செடம். ஏப்ரலில் நிலம் இளகியதும் குழாயால் நன்றாகத் தண்ணீர் விட்டு உப்பைக் கீழே கழுவிவிடுங்கள்.

காய்ந்த தண்டுகளை வெட்டாமல் விட்டேன். அயலவர்கள் குறை சொல்கிறார்கள். (ஸ்காபரோ)

விட்டது நல்ல வேலை. எக்கினேசியாத் தலையில் மஞ்சள் குருவிகள் வந்து விதை கொத்தும், தண்டுக்குள் சிறு தேனீக்கள் தங்கும். தண்டு பனியையும் பிடித்து வைக்கும், பனிதான் வேருக்குப் போர்வை. கடுங்குளிரைவிட, உருகி உருகி உறைவதுதான் செடியை மண்ணிலிருந்து கிளப்பிவிடும். இந்த அழகை நேரில் பார்க்க, லோரன்சும் லெஸ்லியும் சந்திக்கிற இடத்தில் இருக்கும் ரொறன்ரோ தாவரவியல் பூங்காவுக்குப் போங்கள். அதன் வாசல் தோட்டத்தை நெதர்லாந்துக்காரர் பீற் அவுடொல்ஃப் வடிவமைத்தார். அயலவரையும் கூட்டிக்கொண்டு போகலாம்.

கடைசியாக, எப்போது மண்ணில் கை வைக்கலாம்? (மார்க்கம்)

ஒரு பிடி மண்ணை எடுத்து இறுக்கிப் பாருங்கள். களி உருண்டையாக ஒட்டிக்கொண்டால் இன்னும் ஈரம் அதிகம். அந்த மண்ணில் ஏறி மிதித்தால் கல்லாகிவிடும். விரலால் தட்ட உதிர்ந்தால் தொடங்கலாம். வெளியிலேயே குளிர் கழித்த பல்லாண்டு நாற்றுகளை ஏப்ரல் கடைசியிலேயே நடலாம். தக்காளியும் மிளகாயும் மே மாதத்து விக்ரோறியா தின விடுமுறைவரை உள்ளேயே இருக்கட்டும்.