1966 மஸ்டாங் காரில் புதிய 17 அங்குல அலாய் வீல்களை மாட்டலாமா?

உங்களிடம் இருக்கும் 1966 ஃபோர்டு மஸ்டாங்கில், 1994 முதல் 2004 வரை வந்த மஸ்டாங்கின் 17 அங்குல அலாய் வீல்களை அப்படியே மாட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மாட்டலாம், ஆனால் அப்படியே ஓட்ட முடியாது. மிச்சிகனில் இதே வண்டியை வைத்துக்கொண்டு இதே தவறைச் செய்தவன் என்பதால், நீங்கள் பணம் கொடுப்பதற்கு முன்பாக இதைப் படித்துவிட வேண்டும் என்று மனமார விரும்புகிறேன்.

முதலில் உங்கள் வண்டியின் நட்டுகளை எண்ணிப் பாருங்கள். ஆறு சிலிண்டர் வண்டிக்கு வீலுக்கு நான்கு நட்டுகள்தான். அதற்குக் கிடைக்கும் வீல்கள் குறைவு. எட்டு சிலிண்டர் கொண்ட வி8 என்றால் ஐந்து நட்டுகள், அவை அமையும் வட்டத்தின் விட்டம் 114.3 மில்லிமீட்டர். நீங்கள் பார்த்து வைத்திருக்கும் வீல்களுக்கும் அதே அளவுதான். இந்தப் பொருத்தம்தான் நம்மை ஏமாற்றுகிறது. அதே வகையில் நான் வாங்கிய செகண்ட்ஹேண்ட் வீல்கள் கையால் நட்டுப் போடும் அளவுக்கு அழகாக உட்கார்ந்தன. விற்றவரும் "ஒரே வண்டிதானே" என்று உறுதி சொல்லியிருந்தார். வீட்டு வாசலிலிருந்து தெருவுக்குத் திரும்பும் முதல் வளைவிலேயே உலோகம் உரசும் சத்தம் கேட்டது. கழற்றிப் பார்த்தபோது, ரிம்மின் உட்புறத்தில் விரல் நகம் இறங்கும் ஆழத்துக்கு வளையமாக ஒரு கோடு விழுந்திருந்தது; ஸ்டீயரிங்கின் திருப்பத்தை முன் வீலுக்குக் கொண்டுசெல்லும் டை ராட் என்ற கம்பியின் முனையில் அலுமினியத் தூள் மினுமினுத்தது.

காரணம், வீலின் உட்பக்க ஆழம். வண்டியில் வீல் மாட்டப்படும் நடுப்பகுதியான ஹப்பில் உட்காரும் முகப்பிலிருந்து ரிம்மின் உள் விளிம்பு வரை உள்ள தூரம் அது. வீலைக் குப்புறப் போட்டு, உள் விளிம்பின் மேல் ஒரு நேரான சட்டத்தைக் குறுக்கே வைத்து, அங்கிருந்து முகப்பு வரை ஸ்கேலை இறக்கினால் தெரிந்துவிடும். அந்த 17க்கு 8 அங்குல (விட்டம் 17, அகலம் 8) வீலில் அது சுமார் 5.7 அங்குலம். பழைய மஸ்டாங்கின் முன்பக்கத்தில் 15க்கு 7 வீல் ஒன்று தொந்தரவின்றிச் சுற்ற, அந்த ஆழம் நாலேகால் அங்குலத்தை ஒட்டி இருப்பதே நல்லது. ஏறத்தாழ ஒன்றரை அங்குலம் உள்ளே தள்ளிப்போன வீல், முன்னால் டை ராடையும் பின்னால் அடுக்குப் பட்டைகளாலான லீஃப் ஸ்ப்ரிங்கையும் தேடிப் போகிறது. வீலை வெளியே தள்ள, ஹப்புக்கும் வீலுக்கும் இடையே ஸ்பேசர் என்ற வளையத்தை வைத்துப் பலர் ஓட்டுகிறார்கள். அப்படிச் செய்வதானால் தனக்கென ஸ்டட்டுகள் (நட்டு இறுகும் திருகுத் தண்டுகள்) கொண்ட, ஹப்பின் நடுவில் இறுக்கமாக அமரும் வகையையே வாங்குங்கள். ஸ்டட்டில் சும்மா செருகும் தட்டையான வளையங்களை நம்பி உங்கள் குடும்பத்தை ஏற்றிச் செல்லாதீர்கள். வெளியே தள்ளிய பிறகு, அந்த 8 அங்குல அகலம் வீலுக்கு மேல் வளைந்திருக்கும் ஃபெண்டரின் உள்மடிப்பில் இடிக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

டயரையும் யோசியுங்கள். முதலில் வந்த 14 அங்குல வீலுக்கு இன்று போடும் 195/75 டயரின் (195 மில்லிமீட்டர் அகலம், அதில் 75 சதவீதம் பக்கச்சுவரின் உயரம்) பக்கச்சுவர் 146 மில்லிமீட்டர். 17 அங்குலத்துக்குப் போடும் 225/45 டயரில் அது 101 மட்டுமே. பனிக்காலம் முடிந்து மார்ச்சில் எங்கள் சாலைகள் குழி குழியாகிவிடும்போது, குறைந்துபோன அந்த நாலரை சென்டிமீட்டர் ரப்பரின் அருமை தெரியும்.

நான் இறுதியில் 15க்கு 7 அங்குலம், நாலேகால் அங்குல ஆழம் கொண்ட ஐந்து ஆர வீல்களுக்கு மாறினேன். 1960களில் அமெரிக்கன் ரேசிங் நிறுவனம் கொண்டுவந்த டார்க் த்ரஸ்ட் வடிவத்தைப் பின்பற்றியவை என்பதால், வண்டியின் வயதோடு அவை சண்டை போடுவதில்லை. 205/65 டயரோடு மொத்த விட்டம் 647.5 மில்லிமீட்டர், பழைய டயரின் 648க்கு மிக அருகில் இருப்பதால் ஸ்பீடாமீட்டரும் பொய் சொல்வதில்லை. என் கண்ணுக்கு இந்த வண்டியில் 17 அங்குலம் பெரிது. ஆனால் அது உங்கள் விருப்பம்.

வாங்கும் முன், ஒரே ஒரு வீலை முன்பக்கம் மாட்டி, வண்டியின் எடை முழுவதும் அதன் மேல் இருக்கும்படி இறக்கி, ஸ்டீயரிங்கை இரு பக்கமும் கடைசி வரை திருப்பிப் பாருங்கள். நட்டின் அடிப்பகுதி கூம்பா, வாஷரோடு உள்ளே இறங்கும் தண்டா என்பதை வீலின் துளையோடு ஒப்பிடுங்கள். பழைய இரும்பு வீலின் நட்டுகள் அலாய்க்குச் சேர வேண்டும் என்பதில்லை. மாட்டிய பிறகு ஐம்பது, நூறு மைல் ஓடியதும் இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரென்ச்சால் மீண்டும் ஒருமுறை இறுக்குங்கள். கழற்றிய இரும்பு வீல்களையும் ஹப் கேப்புகளையும் தயவுசெய்து விற்றுவிடாதீர்கள். என்னுடையவை எண்ணெய்த் துணி சுற்றிய நிலையில் கீழ்த்தளத்தில் இருக்கின்றன, ஒவ்வோர் ஆகஸ்டிலும் வுட்வர்ட் அவென்யூவில் நடக்கும் பழைய கார்களின் ஊர்வலத்துக்கு அவற்றைத்தான் மாட்டிக்கொண்டு போகிறேன்.